எண்ணெய் ஊற்றிய பின் கார் கிளம்பாவிட்டால்

தோட்டத்துப் பள்ளி ஆசிரியனாகிய நான் இன்று பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, லயத்து வாசலில் நிற்கும் காரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பஸ் வராத தோட்டங்களில் ஒரு பழைய கார் ஒரு குடும்பத்துக்கு மட்டும் சொந்தமன்று. பிரசவம் என்றாலும் காய்ச்சல் என்றாலும் லயமே அதைத்தான் நம்பியிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, என் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் கடுங்காய்ச்சல். பக்கத்து வீட்டு நண்பரின் காரில் அவளைத் தாயார் மடியில் கிடத்திக்கொள்ள, நானும் உடன் சென்றேன். வழியில் எண்ணெய் நிலையத்தில் 50 வெள்ளி கட்டினோம். 47 வெள்ளி காட்டும்போதே தொட்டி நிறைந்து, குழாய் தானாக நின்றுவிட்டது. "கட்டின காசை ஏன் விடணும்?" என்று நண்பர் மீதி 3 வெள்ளிக்கும் அழுத்தி அழுத்தி ஊற்றினார்.

பிறகு சாவியைத் திருப்பினால், இயந்திரம் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் திருப்பினார். ஒவ்வொரு தடவையும் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. தாயார் அழத் தொடங்கிவிட்டார்.

அங்கே நின்றிருந்த வயதான லோரி ஓட்டுநர் ஒருவர் அருகில் வந்தார். "தம்பி, போதும். பேட்டரியைக் கொன்னுடாதே. காடியை முதல்ல ஓரமாத் தள்ளு" என்றார். தள்ளினோம். சற்றுப் பொறுத்து, "எண்ணெய் மிதியை அடிவரைக்கும் மிதிச்சுக்கிட்டுத் திருப்பு" என்றார். கார் இருமியது, கரும்புகை விட்டது, பிடித்துக்கொண்டது. பிள்ளை மருத்துவமனை போய்ச் சேர்ந்தாள்.

அந்தப் பெரியவர் கையில் எந்தக் கருவியும் இல்லை. காரின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார், அவ்வளவுதான். நாமும் முதலில் அதையே செய்ய வேண்டும்.

சாவியைத் திருப்பியதும் 'டக்' என்ற ஒலி மட்டும் வருகிறதா, அல்லது ஒலியே இல்லையா? அப்படியானால் குறை எண்ணெயில் இல்லை. பேட்டரி பலமிழந்திருக்கலாம், அதன் முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்திருக்கலாம், ஸ்டார்ட்டர் பழுதாகியிருக்கலாம். தானியங்கிக் கியர் கார் என்றால், கியர் 'பி' அல்லது 'என்' என்ற இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி மட்டும் தளர்ந்த, கையால் கியர் மாற்றும் காரைத் தள்ளிக் கிளப்பலாம். தானியங்கிக் காரை அப்படிக் கிளப்ப முடியாது.

இயந்திரம் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? அப்போதுதான் எண்ணெயைச் சந்தேகிக்க வேண்டும். இதன் காரணத்தை நம் விறகு அடுப்பைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். அடுப்பு வாய் நிறைய விறகைத் திணித்தால் தீ எரியாது, புகைதான் வரும். பெட்ரோலும் அப்படியே. 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்து காற்றுக் குறைந்தால் தீப்பொறி விழுந்தும் பயனில்லை.

எண்ணெய் ஊற்றியவுடன் இப்படி நேர்வது ஏன்? இக்காலக் கார்களில் தொட்டியிலிருந்து எழும் பெட்ரோல் ஆவியை ஒரு கரிப்பெட்டி பிடித்து வைக்கிறது. கார் ஓடும்போது ஒரு சிறு வால்வு திறந்து, அந்த ஆவியை இயந்திரத்துக்கு அனுப்புகிறது. அந்த வால்வு மூடாமல் ஒட்டிக்கொண்டால், எண்ணெய் ஊற்றும்போது தொட்டியில் உள்ள ஆவி இயந்திரத்துக்குள் தள்ளப்படுகிறது. குழாய் நின்ற பிறகும் ஊற்றினால், பெட்ரோலே கரிப்பெட்டிக்குள் புகுந்து அதைக் கெடுத்துவிடும். நண்பரின் காரைப் பட்டறையில் பார்த்தபோது வால்வும் ஒட்டியிருந்தது, கரிப்பெட்டியும் நனைந்திருந்தது.

மிதியை அடிவரை மிதித்தால் காற்று வழி முழுவதும் திறக்கிறது. கிளப்பும்போது அப்படி மிதித்தால், பல கார்களில் பெட்ரோல் பீய்ச்சுவதும் நிற்கிறது. கைப்பிரேக்கைப் போட்டு, கியரை விடுவித்து, 10 விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள். பிடித்தவுடன் காலை எடுத்துவிடுங்கள். பிடிக்கவில்லையானால் ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து மீண்டும் முயலுங்கள். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகும் கிளம்பாவிட்டால் மெக்கானிக்கை அழையுங்கள்.

ஊற்றிய எண்ணெயே தவறாக இருக்கவும் கூடும். பெட்ரோல் காரில் டீசல் ஊற்றிவிட்டதாகத் தெரிந்தால், சாவியைத் திருப்பவே வேண்டாம். கிளப்பாதவரை தொட்டியைக் காலி செய்தால் பெரும்பாலும் போதும். கிளப்பிவிட்டால் குழாய், வடிகட்டி எல்லாவற்றையும் கழுவ நேரும். தண்ணீர் கலந்திருந்தால், அது பெட்ரோலைவிடக் கனமாதலால் அடியில் தங்கும். அத்தகைய கார் சிறிது தூரம் ஓடித் திணறி நிற்கும். ஆகவே ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ரப்பர் குழாயை வாயில் வைத்து எண்ணெய் உறிஞ்சி எடுக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. அதை விட்டுவிடுங்கள். சில துளி நுரையீரலுக்குள் போனாலே உயிருக்கு ஆபத்து. தவறி விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் தீக்குச்சியும் சிகரெட்டும் கூடவே கூடாது.

குழாய் முதல் முறை நின்றதும் கையை எடுத்துவிடுங்கள். மீதிப் பணத்தை முகப்பில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அன்று நாங்கள் 3 வெள்ளியை விட மனமில்லாமல், ஒரு பிள்ளையின் உயிரோடு விளையாடியிருப்போம். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். கார் நின்றால், முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு கை வையுங்கள்.