தொழுநோயில் அழற்சி

தொழுநோயில் அழற்சி என்பது மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்னும் பாக்டீரியாவுக்கு எதிராக உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு காட்டும் எதிர்வினை ஆகும். தொற்று உடலில் எவ்வளவு தூரம் பரவும் என்பதையும், நரம்புகள் எவ்வளவு சேதமடையும் என்பதையும் இவ்வெதிர்வினையே பெரிதும் தீர்மானிக்கின்றது. இந்நோய் பற்றிய ஆய்விலும் சிகிச்சையிலும் தமிழ்நாட்டின் செங்கல்பட்டுக்கு முக்கிய இடம் உண்டு.

நோய்க்கிருமி

இக்கிருமியை 1873 ஆம் ஆண்டு நோர்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் கண்டறிந்தார். இது மிக மெதுவாகப் பெருகுவது. ஒருமுறை இரட்டிப்பதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். எனவே தொற்று ஏற்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே நோய் வெளிப்படுகின்றது. உடலின் குளிர்ந்த பகுதிகளான தோல், மூக்கின் உட்புறம், தோலுக்கு அருகே செல்லும் நரம்புகள் ஆகியவற்றில் இது வளர்கின்றது. நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள சுவான் உயிரணுக்களுக்குள் புகுந்து வாழ்வது இதன் தனித்தன்மையாகும். இது வீரியமுள்ள நச்சுப்பொருள் எதனையும் சுரப்பதில்லை. நோயாளிக்கு ஏற்படும் பாதிப்புகளில் பெரும்பகுதி அழற்சியினால் விளைபவையே.

இரு முனைகள்

தொற்றுக்கு உள்ளாகும் பெரும்பாலோருக்கு நோய் வருவதேயில்லை. நோய் வருவோரிடம் அது ஒரே வடிவில் காணப்படுவதும் இல்லை. ரிட்லி, ஜாப்ளிங் ஆகிய இருவரும் 1966 இல் வெளியிட்ட வகைப்பாடு இதனை ஐந்து வகைகளாகப் பிரிக்கின்றது.

டியூபர்குலாய்டு வகை: இது ஒரு முனையில் உள்ளது. இங்கு டி உயிரணுக்கள் காமா இண்டர்பெரான் போன்ற பொருட்களைச் சுரந்து, கிருமிகளை விழுங்கும் பெருவிழுங்கி அணுக்களைத் தூண்டுகின்றன. இவ்வணுக்கள் ஒன்றுதிரண்டு குறுமணிக்கட்டிகளாகி, கிருமிகளைச் சுற்றி வளைத்து அழிக்கின்றன. இதனால் நோய் ஓரிரு தேமல்களுடன் நின்றுவிடும்; ஆயினும் அத்திரளில் சிக்கும் நரம்பு விரைவில் சிதைகின்றது.

லெப்ரோமா வகை: இது மறுமுனையில் உள்ளது. இங்கு கிருமிக்கு எதிரான டி உயிரணுக்களின் செயல் மிகக் குறைவு. பெருவிழுங்கிகள் கிருமிகளை விழுங்கினாலும் கொல்வதில்லை. அவை கொழுப்பு நிறைந்த நுரை அணுக்களாக மாறிக் கிருமிகளின் உறைவிடமாகின்றன. இரத்தத்தின் வழியே கிருமிகள் உடலெங்கும் பரவுகின்றன. சிகிச்சை பெறாத நிலையில் மூக்குச் சுரப்பின் வழியே பிறருக்கும் தொற்று செல்லக்கூடும்.

இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்ட வகைகள் நிலையற்றவை. நோயெதிர்ப்பு கூடும்போதோ குறையும்போதோ அவை ஒரு முனையை நோக்கி நகரலாம்.

தொழுநோய் எதிர்வினைகள்

நாட்பட்ட இந்நோயில் அழற்சி திடீரென மூளுவது தொழுநோய் எதிர்வினை எனப்படும்.

முதல் வகை எதிர்வினை பெரும்பாலும் இடைநிலை நோயாளரிடம் காணப்படுகின்றது. பழைய தேமல்கள் சிவந்து வீங்கும். நரம்புகள் தடித்து வலிக்கும். சில நாட்களிலேயே கை, கால், கண் இமை ஆகியவை செயலிழக்கக்கூடும்.

இரண்டாம் வகை எதிர்வினை கிருமிகள் மிகுந்த நோயாளரிடம் ஏற்படுகின்றது. காய்ச்சலும் வலியுள்ள சிவந்த முடிச்சுகளும் இதன் அறிகுறிகள். கண், மூட்டு, விரை ஆகியவையும் பாதிக்கப்படலாம்.

இவ்வெதிர்வினைகள் சிகிச்சைக்கு முன்னரும், சிகிச்சையின்போதும், அது முடிந்த பின்னரும் தோன்றலாம். மருந்து ஒவ்வாமல் போய்விட்டது என எண்ணிச் சிலர் சிகிச்சையை நிறுத்திவிடுகின்றனர். இது தவறாகும். கிருமியைக் கொல்லும் மருந்துகளைத் தொடர்ந்துகொண்டே அழற்சியைத் தணிக்க வேண்டும். இதற்குப் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து மருத்துவக் கண்காணிப்பில் பல வாரங்கள் கொடுக்கப்படுகின்றது. இரண்டாம் வகைக்குக் குளோபாசிமின், தாலிடோமைடு ஆகியவையும் பயன்படுகின்றன. தாலிடோமைடு கருவில் உள்ள குழந்தைக்குக் கடும் ஊனம் விளைவிப்பதால் கருவுற்ற பெண்களுக்கு அதனைக் கொடுத்தல் கூடாது. நரம்பு செயலிழந்து ஆறு மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் குணமடையும் வாய்ப்பு அதிகம்.

செங்கல்பட்டில் நடைபெற்ற பணிகள்

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924 ஆம் ஆண்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை நிறுவப்பட்டது. இங்குப் பணியாற்றிய ராபர்ட் காக்ரேன், 1940களில் டாப்சோன் மருந்தைத் தொழுநோயாளருக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளுள் ஒருவர். 1940களின் இறுதியில் வேலூரிலிருந்து இங்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், விரல்கள் மடங்கிப்போன ஒருவரது கையின் பிடி இன்னும் வலுவாக இருப்பதைக் கண்டார். முழங்கையருகே நரம்பு சிதைவதால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்தாலும், முன்கையின் தசைகள் பல நன்னிலையில் இருப்பதே இதற்குக் காரணம். அத்தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி விரல்களை இயங்கச் செய்யும் அறுவை முறையை அவர் பின்னர் வேலூரில் வளர்த்தெடுத்தார்.

இம்மருத்துவமனையை 1955 இல் இந்திய அரசு ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக மாற்றியது. 1968 இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அத்தடுப்பூசி பயன் தரவில்லை எனக் காட்டியது. எனினும், அதே மக்களிடையே தொழுநோய்க்கு எதிராக ஓரளவு பாதுகாப்பு காணப்பட்டது.

இன்றைய நிலை

ரிபாம்பிசின், டாப்சோன், குளோபாசிமின் அடங்கிய கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார அமைப்பு 1980களின் தொடக்கத்தில் பரிந்துரைத்தது. சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளி பிறருக்குத் தொற்றைப் பரப்பும் நிலை நீங்குகின்றது. 2005 ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் நோயாளர் எண்ணிக்கை பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவிற்கும் கீழே குறைந்தது. எனினும் உலகில் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவிலேயே உள்ளனர். உணர்ச்சியற்ற தேமல், தடித்த நரம்பு, கை கால் மரத்துப்போதல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். மருந்துகள் கிருமியை அழித்துவிடும். அழற்சியால் முற்றிலும் சிதைந்த நரம்பினை அவற்றால் மீட்க இயலாது. ஆகவே ஊனத்தைத் தவிர்க்க நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிதல் இன்றியமையாததாகும்.