நடுக்குவாதமும் அறிவின் தளர்ச்சியும்

ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற ஊர். அங்குப் பல்லாண்டு வெண்ணெய் வாணிகம் செய்த முதியவர் ஒருவர் நடுக்குவாத நோயுற்றார் எனக் கொள்க. அவர் கை நடுங்குவதை யாவரும் காண்பர். ஆயின், தராசைப் பார்த்துக்கொண்டே விலையையும் கணக்கிட முடியாமல் அவர் தடுமாறுவதன் காரணத்தை அறிவோர் சிலரே. ‘வேண்டுமென்றே காலந்தாழ்த்துகிறார்’ எனச் சினப்போரும் உளர். அச்சினம் அறியாமையின் விளைவாகும்.

இலண்டன் மருத்துவர் சேம்சு பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் இந்நோயை விளக்கி எழுதினார். இதனால் அறிவு கேடுறுவதில்லை என்று அவர் கருதினார். பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் அக்கருத்து முற்றும் பொருந்தாது எனக் காட்டின. நடுமூளையிலுள்ள சில உயிரணுக்கள் அழிவதால், ‘தோப்பமின்’ என்னும் பொருள் குறைகிறது. அதனால் உடல் விறைக்கிறது, அசைவு மெலிகிறது. எண்ணத்தை ஒழுங்குபடுத்தும் பகுதிகளுக்கும் அப்பொருள் வேண்டப்படுவதால், சிந்தனையும் விரைவு குன்றுகிறது.

இத்தளர்ச்சி எல்லார்க்கும் ஒரே அளவில் அமைவதன்று. திட்டமிடுதலும், ஒரே வேளையில் இரு செயல்களில் கருத்தூன்றுதலும் பலர்க்கு அரியவாகின்றன. மறந்ததுபோல் தோன்றும் செய்தி, சிறு குறிப்புக் கொடுத்தவுடன் நினைவுக்கு வருவதும் உண்டு. ஆண்டுகள் பல சென்றபின் சிலர்க்கு அறிவுத் தளர்ச்சி முற்றி, பிறர் துணையின்றி வாழ இயலாத நிலை ஏற்படுகிறது.

இதன் விளைவு அன்றாட வாழ்வில் வெளிப்படும். பேசிக்கொண்டே நடப்பவர் இடறி விழுவார். வரவுசெலவுக் கணக்குப் பிழைபடும். மருந்துண்ணும் வேளை தவறினால் உடல் விறைப்பு மிகும். இவ்வாறு அறிவின் தளர்ச்சி உடலின் தளர்ச்சியையும் பெருக்குகிறது.

இந்நோய்க்குரிய மருந்தின் வரலாற்றில் தமிழகத்திற்கும் பங்குண்டு. 1937ஆம் ஆண்டில், தாமோதரன், இராமசாமி என்னும் அறிஞர் இருவர் சென்னையில் பூனைக்காலி விதையிலிருந்து ‘இலெவோதோப்பா’ என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். மூளையுட் புகுந்து தோப்பமினாக மாறும் அப்பொருளே, 1960களின் இறுதியிலிருந்து சிறந்த மருந்தாக விளங்குகிறது. எனினும், அஃது அசைவைச் சீராக்கும் அளவுக்கு அறிவின் தளர்ச்சியை நீக்குவதில்லை. மருத்துவர் அறிவுரையின்றி அவ்விதையை உண்பதும் தீங்கு தரும்.

ஆதலின் மருந்து தீர்க்காத குறையைச் சுற்றத்தார் பொறுமையால் ஈடுசெய்தல் வேண்டும். ஒருவேளைக்கு ஒரு செயலையே தருதல், மருந்துண்ணும் நேரத்தை எழுதிக் கண்முன் வைத்தல், வினவியபின் விடைக்குக் காத்திருத்தல் ஆகியன எளியவை. ஆயினும் பெரும்பயன் தருபவை. முதியவர் கையிலுள்ள தராசைப் பறித்துக்கொள்வது உதவியன்று. அவர் நிறுத்து முடிக்கும்வரை காத்திருந்து, அதன்பின் விலையைக் கேட்பதே உதவியாகும்.