கடோற்கசனாய் நின்ற கலைஞர் ரங்காராவ்

கதாநாயகனைக் காணவே கூட்டம் கொட்டகைக்குச் செல்கிறது. ஆயினும் படம் முடிந்து வீடு திரும்பும் வேளையில் பேச்செல்லாம் வேறொருவரைப் பற்றியதாக இருப்பதுண்டு. எஸ். வி. ரங்காராவ் நடித்த படங்கள் பலவற்றின் கதை இதுவே.

ஆந்திர நாட்டின் நூஜிவீட்டில் 1918ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் திகதி பிறந்தவர் சாமர்ல வெங்கட ரங்காராவ். காக்கிநாடாவில் வாழ்ந்த காலத்தில் அங்கிருந்த 'யங் மென்ஸ் ஹப்பி கிளப்' என்னும் நாடக மன்றம் அவரை ஈர்த்தது. கற்று முடித்ததும் தீயணைப்புப் படையில் உத்தியோகம் கிடைத்தது. மாதச் சம்பளம் வரும் அரசாங்க வேலை! நம்மவர்களில் எத்தனை பெற்றோர் அதற்கு மேல் ஒன்றை ஆசைப்படுவர்? அவரோ அதனைத் துறந்து 'வரூதினி' என்ற தெலுங்குப் படத்திற் கதாநாயகனானார். படம் தோற்றது; வேறு வாய்ப்பும் வரவில்லை. மறுபடியும் சம்பளத்தை நாடி ஜம்ஷெட்பூரிலுள்ள டாட்டா நிறுவனத்துக்குச் சென்றார்.

சென்னையிலிருந்து மீண்டும் அழைப்பு வந்தபோது, ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்ட அவர் தயங்கியிருந்தால் அதனை யாரும் குறை கூறியிரார். அவர் வந்தார். 1950இல் வெளியான 'ஷாவுகாரு' என்ற படத்தில் முரடன் வேடம். அடுத்த ஆண்டு 'பாதாள பைரவி'யில் நேபாள மந்திரவாதி. அந்த மந்திரவாதியின் தாடியையும் உருட்டும் விழியையும் தமிழ் இரசிகர்களும் கண்டு நடுங்கினார்கள். கதாநாயகனாகத் தோற்றவர் வில்லனாக வென்றார்.

பின்னர் அவருக்கு வாய்த்தவை பெரும்பாலும் தம் வயதுக்கு மீறிய வேடங்களே. 'மிஸ்ஸியம்மா' (1955) படத்திற் சாவித்திரியின் தந்தையானபோது அவருக்கு வயது முப்பத்தேழுகூட நிரம்பவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து 'நர்த்தனசாலை' என்ற தெலுங்குப் படத்தில் அதே சாவித்திரி திரௌபதி. இவரோ அவளை நாடி அழியும் கீசகன்! அந்தக் கீசகனுக்கே 1964இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய ஆபிரிக்கத் திரைப்பட விழாவிற் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

'மாயாபஜார்' (1957) கடோற்கசனைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். கல்யாண விருந்தை ஒருவனாக உண்டு தீர்க்கும் காட்சியில், திருச்சி லோகநாதனின் குரலுக்கு அவர் காட்டிய களிப்பைச் சிறுவர்கள் மறப்பதில்லை. எனக்கு அதனினும் அருமையாகத் தோன்றுவது பிறிதொன்று. கடோற்கசன் வத்சலையின் உருவெடுக்கும் பகுதியில் நடிப்பவர் சாவித்திரி. அந்த மெல்லிய பெண்ணின் நடையிலும் தோளசைவிலும் சிரிப்பிலும் ரங்காராவையே காண்கிறோம். ஒருவரது நடிப்பு அவர் திரையில் இல்லாத நேரத்திலும் அடையாளங் காணப்படுமானால், அது எத்துணை ஆழமாகச் செதுக்கப்பட்டிருக்க வேண்டும்!

தெலுங்கின் சாயல் படிந்த தமிழ் அவருடையது. அதனைக் குறையென்பாரும் உளர். 'படிக்காத மேதை' (1960) பார்த்த பின்னும் அவர்கள் அவ்வாறு சொல்வார்களா என்பது ஐயமே. செல்வம் கரைந்து நொடித்த முதியவர். அவரது இல்லத்தில் வளர்ந்த வெகுளியான ரங்கன். ரங்கனாக நடித்த சிவாஜி கணேசனுக்கும் இவருக்கும் இடையே வயதில் பத்தாண்டே வேற்றுமை. ரங்கன் வீட்டைவிட்டு நீங்கிய பின் அவனை நினைந்து உருகும் காட்சியிற் சீர்காழி கோவிந்தராஜனின் குரலில் ஒலிப்பது பாரதியாரின் 'கண்ணன் என் சேவகன்'. வகுப்பறையில் அப்பாடலைப் பலமுறை படிப்பித்திருக்கிறேன். சேவகனைப் பற்றிய பாட்டில் எசமானின் ஏக்கம் இவ்வளவு இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது ரங்காராவின் முகமே.

'சதரங்கம்', 'பாந்தவ்யாலு' என்னும் இரு தெலுங்குப் படங்களை அவர் இயக்கியும் இருக்கிறார். 1974ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் திகதி சென்னையில் காலமானார். திரையில் எத்தனையோ முறை கிழவராய் மாண்ட அவருக்கு அப்போது வயது ஐம்பத்தாறுதான்.