கவ்வாணி

இரு பொருள்களை ஒன்றாக்குவதற்கு நம் முன்னோர் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று கட்டுதல்; மற்றையது அறைதல். நாரும் கயிறும் கட்டுதற்கு உரியன. முளையும் ஆணியும் அறைதற்கு உரியன. யாழ்ப்பாணத்தார் நெடுங்காலம் கட்டுதலையே பெரிதும் விரும்பினர் என்பதற்கு நம் வேலிகளே சான்று. கதியால் நட்டு, வரிச்சுப் பிடித்து, கிடுகையோ பனையோலையையோ நிறுத்தி, உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாய் நின்று குத்தூசியாற் கயிற்றைக் கொடுத்தும் வாங்கியும் வேலியடைத்த காட்சியை ஐம்பது வயது கடந்தோர் மறந்திரார். கடலிற் செல்லும் கட்டுமரமோ தன் பெயரிலேயே தன் வரலாற்றைச் சொல்லிவிடுகின்றது.

ஆணியும் நமக்குப் புதியதன்று. வினைத்திட்பங் கூறவந்த வள்ளுவர், உருவிற் சிறியாரை இகழ வேண்டா என்பதற்குத் தேரின் அச்சாணியை எடுத்துக்காட்டினார். நெஞ்சிற் பதிந்த கல்வியைப் ‘பசுமரத்தாணி’ என்று இன்றும் பேசுகின்றோம். இவ்விரு வழிகளுக்கும் இடைநின்ற ஒன்றுண்டு. கட்டுவதுபோலப் பொருளைத் தழுவிக்கொண்டு, அறைவதுபோல மரத்தில் ஊன்றி நிற்பது அது. இரண்டு கால்களும் அவற்றை இணைக்கும் ஒரு தலையும் உடையது. ஆங்கிலத்தில் அதனை ஸ்ரேப்பிள் என்பர். முட்கம்பி அடிப்போர் ‘யூ ஆணி’ என்பர். கவ்வி நிற்றலின் அதனை யாம் கவ்வாணி என்றே ஈண்டு வழங்குவோம்.

அதனை அடிக்கும் கருவியை வேலையாளர் ‘ஸ்ரேப்பிள் கண்’ என்கின்றனர். ‘கண்’ என்பது துப்பாக்கி. அப்படியே மொழிபெயர்த்துக் ‘கவ்வாணித் துப்பாக்கி’ எனலாம். ஆயினும், கால் நூற்றாண்டுக்கு மேல் வெடியோசை கேட்ட இம்மண்ணிலே தச்சர் கைக்கருவிக்கும் அப்பெயர் வேண்டா என்பது எம் கருத்து. அறைகருவி என்று சொன்னாற் போதும்.

போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டின் பின் குடாநாடெங்கும் வீடுகள் எழுந்தன; மின்சாரமும் ஊர்தோறும் பரவியது. கூரையின் கீழே வெப்பந் தடுக்கும் தாளை விரிப்போரும், யன்னலுக்கு நுளம்பு வலை பிடிப்போரும், நாற்றுமேடைக்கு நிழல்வலை கட்டுவோரும், நாற்காலிக்குத் துணி போர்த்துவோரும் இன்று அறைகருவியைக் கையாளுகின்றனர். கடைக்காரர் எடுத்துத் தருவதே கருவி, பெட்டியில் இருப்பதே ஆணி என்று வாங்கிச் செல்வோர் பலர். ஆகலின் இதனைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்.

கருவி மூவகைப்படும். கையால் அழுத்த உள்ளிருக்கும் சுருள்வில் விடுபட்டு அடிப்பது ஒன்று. மின்னால் அடிப்பது ஒன்று. காற்றழுத்தத்தால் அடிப்பது மற்றொன்று. நாளுக்கு நூறு ஆணி அடிப்பவருக்குக் கைக்கருவி போதும். நாள் முழுவதும் அடிப்பவருக்கு அது மணிக்கட்டைக் கெடுத்துவிடும். அவர் காற்றுக்கருவியையும் காற்றமுக்கியையும் தேடுவதே நன்று. எக்கருவியாயினும் அதன் மூக்கை மரத்தில் நன்றாக அழுத்திப் பிடியாவிடின், அடியின் எதிர்விசை கருவியைப் பின்தள்ள, ஆணி பாதியில் நின்றுவிடும். ஆணி சிக்கிக்கொண்டால் மின்னையோ காற்றையோ துண்டித்த பின்னரே விரலை உள்ளே விடவேண்டும்.

ஆணியைத் தெரிவதில் தலையின் அகலம், காலின் நீளம், கம்பியின் தடிப்பு ஆகிய மூன்றும் நோக்கத்தக்கன. தாளும் வலையும் போன்ற மெல்லிய பொருள்களுக்கு அகன்ற தலை வேண்டும். குறுந்தலை அவற்றைக் கிழித்துக்கொண்டு போய்விடும். கம்பியின் தடிப்பை ‘கேஜ்’ என்னும் எண்ணாற் குறிப்பர். இவ்வெண் ஏற ஏறக் கம்பி மெலியும் என்பதைப் புதியவர் அறியார். மெத்தைத் துணிக்கு 22 கேஜ் தகும். கட்டிட மரவேலைக்கு 16 கேஜ் வேண்டும். கைக்கருவிகளுள் உலகெங்கும் பரவியது அமெரிக்க அரோ நிறுவனத்தின் ரி-50 என்னும் வகை. அதன் ஆணிகள் கால் அங்குலம் முதல் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒன்பது பங்கு வரை நீளமுடையன. ஒரு நிறுவனத்தின் ஆணி மற்றொன்றின் கருவிக்குப் பொருந்தும் என்று நம்பி வாங்குதல் கூடாது. தலையின் அகலத்தில் அரை மில்லிமீற்றர் வேறுபடினும் கருவி சிக்கும்.

நீளமான காலே உறுதி தரும் என்பது மென்மரத்திற்குப் பொருந்தும் விதி. நம் பனைக்கு அது பொருந்தாது. பனையின் புறவயிரம் கருங்கல்லை ஒத்தது. உட்சோற்றியோ பஞ்சை ஒத்தது. முற்றிய பனஞ்சிலாகையில் நீண்ட ஆணியை அடித்தால் கால் மடங்கித் தலை துருத்தி நிற்கும். சோற்றிப் பக்கம் அடித்தால் முழுவதும் புகும். ஆனால் விரலாற் பிடுங்கலாம். ஆகவே வயிரத்தில் குறுங்காலும் தடித்த கம்பியும் உடைய ஆணியைக் காற்றுக்கருவியால் அடித்தல் வேண்டும். அன்றேல் பழைய தச்சர் செய்தவாறு துளையிட்டுத் திருகாணி பூட்டுதல் வேண்டும். பனையறியாத நாட்டில் எழுதப்பட்ட அட்டவணைகளை இவ்விடத்தில் ஒதுக்கிவிடலாம்.

மற்றொன்று உப்புக்காற்று. பருத்தித்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் சாதாரண இரும்பாணியின் ஆயுள் மிகக் குறுகியது. மெல்லிய நாகப்பூச்சும் நெடிது காவாது. துருப்பிடிக்காத உருக்கிலும் தரவேற்றுமை உண்டு. 304 என்பது உள்ளூருக்குப் போதும். கடற்கரை வீட்டுக்கு மொலிப்டினம் கலந்த 316 என்னும் தரமே தகும். விலை மிகுதிதான். நுளம்பு வலை ஒரு மாரிக்குள் சட்டத்தினின்று கழன்று தொங்குவதைக் கண்டவர் அவ்விலையைப் பற்றிப் பேசார்.

இனி மின்கம்பிக்கு வருவோம். ஈண்டு பிழைத்தால் இழப்பது வலையும் தாளுமல்ல, உயிர்.

அமெரிக்காவில் வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தால் ஆயவை. அங்கே மின்வடத்தைக் கவ்வாணியால் மரத்தோடு பிணிப்பது விதியொடுபட்ட வழக்கு. நாலரை அடிக்கு ஒன்றும், பெட்டியிலிருந்து ஓரடிக்குள் ஒன்றுமாக அடிக்க வேண்டும் என்றும், தட்டை வடத்தை விளிம்பில் நிறுத்தி அடிக்கலாகாது என்றும் அவர் விதி கூறும். அவர் பயன்படுத்துவதும் தாள் அடிக்கும் தட்டைத்தலை ஆணியன்று; மின்வடத்திற்கென்றே செய்த, காப்புப் பொருத்திய ஆணி. நம் வீடுகளோ கல்லும் சீமெந்தும். சீமெந்துச் சுவரிற் கவ்வாணி புகாது. முன்னாளில் மரப்பட்டிகையைச் சுவரிற் பொருத்தி, அதன்மேல் வடத்தை வைத்துத் தகட்டுக் கிளிப்பால் மடித்துப் பிடித்தனர். பழைய வீடுகளில் அவ்வேலைப்பாட்டை இன்றும் காணலாம். பின்னர்க் குழாயும் பிளாத்திக்குக் கிளிப்பும் வந்தன.

சுவரில் ஒழுங்காகச் செய்பவர் சிலர், கூரைக்குள் ஏறியதும் ஒழுங்கை மறந்துவிடுகின்றனர். கையில் தாள் அடித்த அறைகருவி இருக்கின்றது. எதிரே சிலாகை இருக்கின்றது. வடத்தின்மேல் நாலு அடி. வேலை முடிந்தது என்று இறங்கிவிடுவர். தட்டைத்தலை ஆணி வட்டமான வடத்தை நசுக்கும். அன்றே ஒன்றும் தெரியாது; விளக்கு எரியும். ஆனால் ஓட்டுக்கூரையின் கீழ் வெயிற்காலத்தில் வடத்தின் மேலுறை இளகும். ஆணியோ இளகாது. நாளடைவில் உறை மெலிந்து, செம்பும் ஆணியும் நெருங்கும். மாரியில் மரம் நனைந்தால் 230 வோல்ற்று மின்சாரம் ஆணிவழியே ஈரமரத்திற்கும் சுவருக்கும் கசியும்.

எம்மிடம் தமிழ் கற்று, இப்போது மின்வேலை செய்யும் ஒருவர் கூறியது இது. ஒரு வீட்டில் மழை பெய்யுந்தோறும் கசிவுகாக்கும் ‘ரிப் சுவிச்சு’ விழுந்துகொண்டே இருந்ததாம். வீட்டுக்காரர் சுவிச்சிற் குற்றம் என்று கருதி அதனைக் கழற்றிவிட்டு நேரே இணைத்துக்கொண்டார். சில நாளில், குசினிச் சுவரிற் கைவைத்த அம்மையார் ‘விறுவிறுக்குது’ என்றார். நல்லகாலம், அவர் காலிற் செருப்பிருந்தது. கூரையேறிப் பார்த்தபோது, வடத்தைக் கடித்துக்கொண்டு ஒரே ஓர் ஆணி, தலை துருவேறி நின்றது. காவற்காரன் கூவியதற்காகக் காவற்காரனை அடித்துத் துரத்திய கதை!

வீட்டு மின்வடத்திற்கு வெற்றுலோகக் கவ்வாணி நம் நாட்டு வீடுகளில் வேண்டவே வேண்டா. குழாய் அல்லது பிளாத்திக்குக் கிளிப்பே தகும். தொலைபேசி, அழைப்புமணி முதலிய தாழ்வோல்ற்றுக் கம்பிகளுக்கு வளைதலை ஆணியடிக்கும் தனிக்கருவி உண்டு. அரோ நிறுவனத்தார் அதற்கு ரி-25 என்று பெயரிட்டுள்ளனர். கம்பி ஆணியினடியில் அசையக்கூடியதாக இருத்தல் வேண்டும். வேலை முடிந்தபின் ‘மெகர்’ என்னும் கருவியால் 500 வோல்ற்று கொடுத்துக் காப்புத்தடையைச் சோதிக்குமாறு கேளுங்கள். ஒரு மெகோமுக்குக் குறைந்தால் எங்கோ ஒன்று கடிபட்டிருக்கின்றது என்க. சோதனைக்கு நேரமில்லை என்பவருக்குக் கூலி கொடுக்கவும் நேரமில்லை என்று சொல்லலாம்.

எஞ்சியது வேலி. கிடுகு அருகி முட்கம்பி மிகுந்துவிட்ட இந்நாளில், பெரிய யூ ஆணியைச் சுத்தியலால் அடிப்பதே வழக்கம். இரு காலும் மரத்தின் ஒரே நாரில் இறங்கினால் மரம் பிளக்கும். ஆணியைச் சற்றே சரித்து அடித்தால் பிளவாது. கம்பியைப் பிடித்து இறுக்கும்வரை அடித்தலும் தவறு; கம்பி வெயிலில் நீளவும் குளிரிற் குறுகவும் இடம் வேண்டும். பூவரசு, கிளுவை, முள்முருக்கு போன்ற உயிர்க்கதியாலாயின் வேறொரு சிக்கல். பசுமரத்தாணி என்ற உவமை அங்கே மெய்யாகிவிடும். மரம் பருக்க, பட்டை வளர்ந்து ஆணியையும் கம்பியையும் விழுங்கிக்கொள்ளும். பின்னர்க் கம்பியை மாற்ற இயலாது. கதியாலில் ஒரு பலகைத் துண்டை வைத்து, அத்துண்டிற் கம்பியை அடிப்பது அதற்கு வழி. முதிர்ந்த பூவரசைத் தறித்து வாளுக்குக் கொடுக்குமுன், வேலியோரத்து மரம் என்பதை ஆலைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். இரும்பு மறைந்த இடத்தில் மரம் பெரும்பாலும் கறுத்திருக்கும். அவர் அதனைத் தேடிப்பார்த்த பின்னரே வாளை ஓட்டுவர்.