பப்பாசியும் குளவியும்

2008ஆம் ஆண்டில் கம்பஹா, கொழும்பு மாவட்டங்களில் தென்பட்டு விரைந்து பரவிய பப்பாசி மாப்பூச்சி, மத்திய அமெரிக்கப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்டதாகும். மரச்சாற்றில் சீனி மிகுதி. புரதத்துக்கான சத்தோ சொற்பம். ஆதலால் இப்பீடை அளவுக்கு மிஞ்சி உறிஞ்சி, எஞ்சிய இனிப்பை இலைமீது கழிக்கின்றது. அதில் கரும்பூஞ்சணம் படர்ந்து ஒளித்தொகுப்பைத் தடுக்கின்றது; இலை சுருண்டு பிஞ்சு உதிர்கின்றது. இனிப்பை நாடிவரும் எறும்புகள் பீடைக்கே காவல் நிற்பது வேறு விடயம்.

மெழுகுத் தூள் போர்த்திய இப்பூச்சியிடம் பீடைநாசினி எளிதில் பலிப்பதில்லை. வீட்டுத் தோட்டத்தில் தெளிகருவியைத் தூக்குவோர் இதனை உணர்தல் வேண்டும். 2009இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விடப்பட்ட சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியே, மாப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதனை அடக்கியது. 2010இல் தமிழகத்திலும் அதே குளவி விடப்பட்டது. கண்டபடி மருந்தடித்தால் முதலில் மடிவது அக்குளவிதான்.