ஏபிஎஸ் பில் 45,000 ரூபாய்: பழைய டீசல் காரை விக்கலாமா, ரிப்பேர் பண்ணலாமா?

போன மழையில் அயனம்பாக்கம் ரோட்டுல தண்ணி தேங்கின பள்ளத்தைத் தாண்டினதும், என் 2013 டீசல் கார்ல மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிஞ்சுது. "மாட்யூல் போச்சு சார், 45,000 ஆகும்" என்றார் மெக்கானிக். வீட்டுல ஒரே பேச்சு: "வித்துடு."

அவசரப்படாதீங்க. வரிசையா பார்ப்போம்.

1. முதல்ல உயிர். மஞ்சள் விளக்கு மட்டும்னா சாதாரண பிரேக் பெரும்பாலும் பிடிக்கும். ஆனா சடன் பிரேக்ல சக்கரம் லாக் ஆகலாம், தள்ளிப்போடாதீங்க. சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிஞ்சா ஓட்டவே வேண்டாம்.

2. இன்னொரு இடத்தில் ஸ்கேன். சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரோ அதன் வயரோ போனாலும் இதே விளக்குதான் எரியும். எனக்கு அதுதான், 3,200 ரூபாயில் முடிஞ்சுது.

3. மாட்யூலேதான் போச்சுன்னா? பில்லை காரோட விலையோடு ஒப்பிடாதீங்க. இனி ஓடப்போற மாதங்களால் வகுங்க. 45,000 ÷ 24 மாதம் = 1,875 ரூபாய். புது காருக்கு 6 லட்சம் கடன், 9.5% வட்டி, 5 வருஷம்னா இஎம்ஐ சுமார் 12,600. இன்ஜின், பாடி நல்லா இருந்தா ரிப்பேர்தான் லாபம். இன்ஜினும் செலவு வைக்குதுன்னா, குறையைச் சொல்லியே வித்துடுங்க.

4. ஆர்சி தேதி. 15 வருஷம் முடியப்போகுதுன்னா, எஃப்சி, புதுப்பிப்புச் செலவையும் கணக்குல சேருங்க.

5. இன்சூரன்ஸை நம்பாதீங்க. தேய்மானம், மெக்கானிக்கல் பழுதுக்கு சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி பணம் தராது. அதனால சம்பளம் வந்ததும் மாசம் 1,500 ரூபாய் தனி ஆர்டியில் போடுங்க. அடுத்த பில் வரும்போது கிரெடிட் கார்டைத் தேட வேண்டியிருக்காது.