தெரியுமா? தேயிலை மலையில் ரோஸ்மேரியும் தழைக்கும்!

பாசார் மாலாமில் வாங்கும்போது கமகமவென்று மணத்த ரோஸ்மேரி, வீட்டுக்கு வந்த சில வாரங்களில் நுனி கருகி, இலை கொட்டி, வெறும் குச்சியாய் நிற்கிறதா? "மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்! கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாம் குளிர் அதை ஒன்றும் செய்யாது. அதை வாட்டுவது வேறொன்று. அதைத் தெரிந்துகொண்டால் செடியும் பிழைக்கும், காலடி மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் ஆச்சரியங்களும் வெளிவரும்!

குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது, தெரியுமா?

ரோஸ்மேரியின் தாய்வீடு மத்தியதரைக் கடலோரம். வேர்பிடித்து வளர்ந்த செடி லேசான உறைபனியைக்கூடச் சமாளித்துவிடும்! ஆனால் அங்கே பல இடங்களில் ஆண்டு முழுக்கப் பெய்வதே 500, 600 மி.மீ. மழைதான். அதுவும் குளிர்காலத்தில்தான்; கோடையில் மண் காய்ந்து கிடக்கும். கேமரன் மலையிலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மி.மீ. கொட்டுகிறது. நான்கு மடங்குக்கு மேல்! நம் செடி படும் பாடு இப்போது புரிகிறதா?

அந்த ஊசி இலைக்குள் ஒரு தண்ணீர்ச் சேமிப்புத் திட்டமே இருக்கிறது, தெரியுமா?

ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். இரு ஓரங்களும் உள்ளே சுருண்டிருக்கும். நடுவில் வெள்ளை வெளேரென்று ரோமம். செடி மூச்சுவிடும் நுண்துளைகள் அந்த ரோமத்துக்குள் பதுங்கியிருப்பதால், கடற்காற்று அடித்தாலும் ஈரம் எளிதில் வெளியேறாது. ஒவ்வொரு சொட்டையும் காப்பாற்றப் பிறந்த செடி இது. அதற்குத்தான் நாம் காலையும் மாலையும் வாளியில் மொண்டு ஊற்றுகிறோம்!

நீரில் மூழ்கும் செடியும் தாகத்தில் வாடுவதுபோலவே தெரியும், தெரியுமா?

செடிகளைப் பறிகொடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. பிறகு ஃபைட்டோஃப்தோரா, பித்தியம் போன்ற அழுகல் கிருமிகள் புகுந்துவிடும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. இலை வாடும். நாமோ "ஐயோ, காய்கிறதே!" என்று இன்னும் ஊற்றுவோம்!

முதலில் விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் ஊற்றவே வேண்டாம். சந்தேகம் தீராவிட்டால் செடியை மெல்லத் தூக்கி வேரைப் பாருங்கள். வெளுத்து உறுதியாக இருந்தால் உயிர் இருக்கிறது; பழுப்பாகிக் கொழகொழத்தால் அழுகல். அழுகியதை வெட்டிவிட்டுப் புது மண்ணுக்கு மாற்றுங்கள். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிகிறதா? நம்பிக்கை உண்டு!

தேயிலைக்கு அமுதமான மண் ரோஸ்மேரிக்கு ஆகாது, தெரியுமா?

ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இந்த மலையில் வேரூன்றியதற்கு மண்ணின் புளிப்பும் ஒரு காரணம். தேயிலைக்கு மண்ணின் pH அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் கொண்டாட்டம். ரோஸ்மேரி கேட்பதோ 6 முதல் 7.5 வரை! புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து பல செடிகளின் வேர்நுனியை முடக்கிவிடும். தேயிலையோ அதே அலுமினியத்தை அலட்டிக்கொள்ளாமல் இலையில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. என்ன அதிசயம் பாருங்கள்!

மண்ணின் புளிப்பைக் கண்டுபிடிக்கக் கருவி தேடி அலைய வேண்டாம். வாசலில் ஹைட்ரேஞ்சியா இருக்கிறதா? வெள்ளை ரகத்தை விட்டுவிடுங்கள். மற்றவை நீலமாய்ப் பூத்தால் மண் புளிப்பு, இளஞ்சிவப்பாய்ப் பூத்தால் புளிப்புக் குறைவு. அந்த நீலத்தைத் தருவதும் இதே அலுமினியம்தான்!

நீலம் என்றால், நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே குழிமண்ணில் ஒரு கைப்பிடி டோலமைட் தூளைக் கலந்துவிடுங்கள். புளிப்புக் குறையும், சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சேரும். நம் மலை பெரும்பாலும் கருங்கல். சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்கினாலோ இருபுறமும் சுண்ணாம்புக் குன்றுகள்! ரோஸ்மேரி ஆசைப்படும் மண் மலையடிவாரத்திலேயே காத்திருக்கிறது!

தோட்டத்தில் கான் வெட்டிய கைக்கு இதன் ரகசியம் ஏற்கெனவே தெரியும், தெரியுமா?

தேயிலைக்கும் தேங்கிய நீர் பிடிக்காது. அதனால்தான் நம் முன்னோர் சரிவெங்கும் கான் வெட்டி மழைநீரை ஓடவிட்டார்கள். அதே வித்தையை வீட்டுத் தோட்டத்திலும் காட்டுங்கள். சமதரையில் குழி தோண்டி நட்டால் அந்தக் குழி மழைக்கு ஒரு கிணறு! அதைவிட ஒரு முழ உயரத்துக்கு மண்ணை மேடாகக் குவியுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு கரடுமுரடான மணலும் பொடிக்கல்லும் இருக்கட்டும். தொட்டியிலிருந்து எடுத்த வேர்க்கட்டியைச் சற்று உதிர்த்துவிட்டு நடுங்கள். இல்லாவிட்டால் அதிலுள்ள தேங்காய்நார்த் தூள் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. தண்டைச் சுற்றி இலைச்சருகு வேண்டாம், சரளைக்கல் போடுங்கள்.

இடமும் முக்கியம்! இங்கே பெரும்பாலும் பிற்பகலில்தான் மேகம் கவிந்து மழை இறங்கும். ஆகவே காலை வெயில் நேராக விழும் கிழக்குப் பக்கம் சிறந்தது. ஆறு மணி நேர வெயில் கிடைத்தால் அருமை. காய்கறித் தோட்டங்களில் போடும் பிளாஸ்டிக் கூரையை, பக்கங்களைத் திறந்துவிட்டு, அடைமழை மாதங்களில் இதற்கும் போடலாம்.

கோழி எரு அள்ளிப் போட்டால் மணம் குறையும், தெரியுமா?

முட்டைக்கோசுக்கு அள்ளிப் போடும் கை இங்கே சுருங்க வேண்டும்! ரோஸ்மேரி மெலிந்த மண்ணில் வளர்ந்து பழகியது. உரம் மிஞ்சினால் தண்டு தளதளவென்று நீளும், மணம் மங்கும், நோய் எளிதில் தொற்றும். நன்கு மக்கிய எரு கொஞ்சம் போதும். அதையும் டோலமைட்டோடு ஒரே நாளில் கலக்காதீர்கள். தழைச்சத்து ஆவியாகிப் பறந்துவிடும்!

இது நம் துளசிக்குச் சொந்தம், தெரியுமா?

துளசி, புதினா, கற்பூரவள்ளி, தும்பை, எல்லாம் ரோஸ்மேரியின் குடும்பம்! 2017-இல் தாவரவியலாளர்கள் இதன் மரபணுவை ஆராய்ந்து, பூங்காக்களில் சிவப்பாய்ப் பூக்குமே சால்வியா, அந்தப் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். இதன் எண்ணெயில் உள்ள சினியோல்தான் நம் நீலகிரித் தைலத்திலும் மணக்கிறது!

தலைமுடிக்கு இதைத் தேடுகிறவர்களுக்கும் ஒரு செய்தி. 2015-இல் ஈரானில் வழுக்கை விழும் 100 பேரிடம் ஆறு மாதம் ஆய்வு நடந்தது. அதில் ரோஸ்மேரி எண்ணெய் 2 சதவீத மினாக்சிடில் மருந்துக்கு ஈடுகொடுத்தது!

இன்னொரு தேயிலை மலை இதில் ஜெயித்துக் காட்டியிருக்கிறது, தெரியுமா?

நீலகிரி! அங்கும் தேயிலை, அங்கும் புளித்த மண், அங்கும் பருவமழை. ஆனாலும் விவசாயிகள் ரோஸ்மேரியைப் பயிராகவே வளர்க்கிறார்கள். உதகையிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 'ஊட்டி (ஆர்.எம்.) 1' என்று தனி ரகமே தந்திருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

ஒரு செடி ஊருக்கே போதும், தெரியுமா?

விதை மெதுவாகவும் அரைகுறையாகவும்தான் முளைக்கும். குச்சிதான் கெட்டிக்காரத்தனம்! நான்கு அங்குல இளங்குச்சியை வெட்டி, கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு, ஈர மணலில் செருகி நிழலில் வையுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் வேர் வந்துவிடும். இலையில்லாத முதிர்ந்த கட்டையில் மட்டும் வெட்டாதீர்கள். அது மறுபடி துளிர்ப்பது அரிது.

முதல் ஆண்டு வளரவே இல்லையே என்று கலங்க வேண்டாம், அப்போது அது வேருக்கு உழைக்கிறது. வேர் பிடித்துவிட்டால் பல ஆண்டு நிற்கும் புதர் இது! செடி இன்னும் உயிரோடிருக்கும்போதே குச்சிகளை எடுத்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுங்கள். ஒரு வீட்டில் மழை அடித்துச் சாய்த்தாலும், அடுத்த வீட்டிலிருந்து அதே செடி உங்களிடம் திரும்பி வரும்!